பழைய இழையும் புதிய சொல்லும்

எமது பங்கு ஆலயத்தை ஒட்டி, ஓடு வேய்ந்த நீண்ட அறை ஒன்று உண்டு. ஞாயிறுதோறும் மறைக்கல்வி வகுப்பு நடைபெறும் அவ்வறையில், வார நாள்களில் மாலை 6 மணி முதல் 7.30 மணி வரை பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்து வருகிறோம். காஞ்சிபுரத்தில் நம் மறையினர் சிறு தொகையினரே. ஆகவே, வருகின்ற பிள்ளைகளுள் பெரும்பாலோர் பிள்ளையார்பாளையத்தையும் அதனைச் சூழ்ந்த தெருக்களையும் சேர்ந்த நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள். வீட்டிலும் தெருவிலும் தமிழே பேசுவோர் உளர்; வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசி, பள்ளியில் ஆங்கிலத்தோடு போராடுவோரும் உளர். கோயில் நகரத்தின் மாலை மணியோசைகளுக்கு இடையே அவர்கள் சொற்களை உரக்கச் சொல்லிப் படிக்கும் ஒலி எமக்குச் செபத்தைப் போலவே இனியது.

அந்த அறையில் யாம் இழைத்த ஒரு பிழையை இத்தவக்காலத்தில் வாசகர்கள் முன் வைக்க விழைகிறோம். ஒப்புரவு அருளடையாளத்தில் அதனை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெற்றுவிட்டோம். எனினும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் பெற்றோரும் மறைக்கல்வி ஆசிரியர்களும் இவ்விதழைப் படிக்கின்றனர் ஆதலால், எழுதி வைப்பதும் பயன்படக் கூடும்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு நிகழ்ந்தது இது. அந்நாளில் எமது கற்பிக்கும் முறை மிக எளியது. நாள்தோறும் 20 புதிய சொற்களைக் கரும்பலகையில் எழுதுவோம். அவற்றின் எதிரே தமிழ்ப் பொருளை எழுதுவோம். பிள்ளைகள் ஒவ்வொன்றையும் ஐந்து முறை எழுதி மறுநாள் ஒப்புவிக்க வேண்டும். ஒப்புவித்தார்கள். மறுவாரம் கேட்டால் மறந்திருந்தார்கள். பிள்ளைகளின் அக்கறையின்மையே இதற்குக் காரணம் என்று எண்ணி, யாமும் மனநிறைவோடு இருந்தோம்.

அன்று மாலை கல்பனா சாவ்லாவைப் பற்றிய ஒரு வாசிப்புப் பகுதி. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் பூமிக்குத் திரும்பும் வழியில் சிதைந்து அவரும் உடன் சென்ற அறுவரும் உயிர் நீத்த செய்தி அதில் இருந்தது. ‘ஸ்பேஸ் ஷட்டில்’ என்ற சொற்றொடரைப் பலகையில் எழுதி, “ஷட்டில் என்றால் என்ன?” என்று வினவினோம். ஒரு சிறுமி எழுந்து, “மட்டையால அடிக்கிற இறகுப் பந்து, சாமி” என்றாள். புன்னகைத்து அமரச் சொன்னோம். ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன், அதுவரை வகுப்பில் தானாக வாய் திறவாதவன், எழுந்து நின்றான். “நாடா, சாமி” என்றான்.

யாம் தென்பாண்டிச் சீமையில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர்கள். எமக்குத் தெரிந்த நாடா பாவாடையிலும் தலையணை உறையிலும் கோத்துக் கட்டுவது. “ஏன் தம்பி, விண்கலத்தை நாடா போட்டுக் கட்டியா மேலே அனுப்பினார்கள்?” என்றோம். வகுப்பு முழுவதும் சிரித்தது. உண்மையைச் சொன்னால், அச்சிரிப்பு எமக்குச் சற்றே பெருமையாகவும் இருந்தது. ‘விண்வெளி ஓடம்’ என்று பலகையில் எழுதி, ஐந்து முறை எழுதுமாறு பணித்தோம். அவனும் எழுதினான். மறுநாள் முதல் அவன் வரவில்லை.

பத்து நாள் கழித்து அவனைப் பற்றி விசாரித்தபோது, அடுத்த வீட்டுப் பிள்ளை சொன்னது: “அவன் தறியில உக்காந்துட்டான், சாமி.”

இத்தொடர் காஞ்சியில் எவ்வளவு கனமானது என்பதை வெளியூர் வாசகர்கள் அறிய வேண்டும். காஞ்சிப் பட்டின் சிறப்பு கோர்வை. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டுக்கும் தனித்தனி ஊடை. உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சந்திக்குமிடத்தில் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளுமாறு நெய்ய வேண்டும். அதற்கு நெசவாளருக்குப் பக்கத்தில் இன்னொருவர் அமர்ந்து கரையின் ஊடையைச் செலுத்துவது வழக்கம். ஒரு காலத்தில் அந்த இன்னொருவர் பெரும்பாலும் சிறுவராக இருந்தனர். 1986ஆம் ஆண்டிலேயே குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்துவிட்ட போதிலும், பட்டுத் தொழிலில் முன்பணத்துக்குக் கட்டுண்டிருந்த சிறுவர்களைப் பற்றி மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. பின்னர் நிலைமை பெரிதும் மாறியது. பள்ளிகள் அப்பிள்ளைகளை மீட்டுக்கொண்டன. ஆயினும் ‘தறியில் உட்கார்ந்துவிட்டான்’ என்ற சொற்றொடர் காதில் விழும்போது இவ்வூர் ஆசிரியர் எவருக்கும் நெஞ்சம் துணுக்குறும். அன்று எமக்கும் துணுக்குற்றது. அவனை அங்கே அமர்த்தியது வறுமை மட்டுமன்று, எமது நாவும்தான் என்பது சொல்லாமலே விளங்கிற்று.

மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் அவன் வீட்டைத் தேடிச் சென்றோம். முன்னறையில் இரண்டு தறிகள். ஒன்றில் தந்தை நெய்துகொண்டிருந்தார். மற்றொன்றின் முன்னே பாட்டி ஒருவர் குனிந்து அமர்ந்து இழைகளைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தார். மூலையில் இராட்டையின் முன் பையன். எம்மைக் கண்டதும் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றான்.

“வாங்க சாமி” என்று தந்தை பாயை விரித்தார். வகுப்புக்கு ஏன் அனுப்பவில்லை என்று கேட்டோம். “நான் போகச் சொன்னேன் சாமி. அவன்தான் வேணாங்கறான். பள்ளிக்கூடம் விட்டு வந்தா சும்மாதானே இருக்கான், தார் சுத்தட்டும்னு விட்டுட்டேன். பள்ளிக்கூடத்தையே நிறுத்திட்டு கோர்வைக்கு உக்காரேன்னு வேற இப்ப கேக்கறான்” என்றார். தயங்கித் தயங்கி, நாடா என்றால் என்ன என்று அவரிடமே கேட்டோம். அவர் வியப்போடு எம்மைப் பார்த்துவிட்டு, தறியிலிருந்து ஒரு கருவியை எடுத்து எம் கையில் வைத்தார். இரு முனையும் கூர்மையாக, நடுவே குழிந்து, சிறு படகு போல வழவழவென்று தேய்ந்த மரம். குழியினுள் நூல் சுற்றிய கட்டை.

“இதான் சாமி நாடா. உள்ள இருக்கறது தார். இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் ஓடிக்கிட்டே இருக்கும். தறிச் சாமான் விக்கிற கடையில இங்கிலீசுல ஷட்டில்னு எழுதி வெச்சிருக்காங்க. எனக்கு அது தெரியாது. இவன்தான் படிச்சுச் சொன்னான்.”

வாசகர்களே, எமது நிலையை எண்ணிப் பாருங்கள். ஆங்கிலத்தில் அச்சொல்லின் மூத்த வழக்குகளுள் ஒன்றே நெசவாளரின் நாடாதான். அது இங்கும் அங்கும் ஓடுவதைக் கண்டுதான், இரு பக்கமும் மாறி மாறிப் பறக்கும் இறகுப் பந்துக்கும், போய்த் திரும்பி மீண்டும் போகக் கூடிய விண்கலத்துக்கும் அப்பெயர் சென்றது. ஆகவே அந்தச் சிறுமி சொன்னதும் சரி. இவன் சொன்னது அதனினும் சரி. பலகையில் எழுதிய யாம் மட்டுமே அச்சொல்லின் வேரை அறியாதிருந்தோம். தெருவில் ஒரு கடைப் பலகையைத் தானே எழுத்துக் கூட்டிப் படித்து, தன் வீட்டுக் கருவியோடு பொருத்திப் பார்த்து, ஓர் ஆங்கிலச் சொல்லைத் தனதாக்கிக்கொண்ட பிள்ளையைச் சிரிப்புக்கு இடமாக்கி அனுப்பியிருந்தோம்.

அங்கேயே, அவன் தந்தைக்கும் பாட்டிக்கும் முன்பாக, அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். தந்தை பதறினார். பையன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டான்: “அப்ப, போயிட்டுப் போயிட்டு வர்றதாலதான் அதுக்கும் நாடான்னு பேரா, சாமி?” ஆம் என்றோம். “ஆனா அது திரும்பி வரலையே” என்றான். அதற்கு எம்மிடம் விடையில்லை.

விடைபெறுமுன், பாட்டி செய்துகொண்டிருந்த வேலை எம் கண்ணில் பட்டது. தறியில் ஒரு பாவு நெய்து முடிந்ததும் அதன் கடைசி இழைகளை அறுத்து எறிந்து விடுவதில்லை. அவை விழுதிலும் அச்சிலும் ஏற்கெனவே கோக்கப்பட்டு நிற்கின்றன. புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை மீண்டும் ஒவ்வொன்றாக அவ்வழியே கோப்பது பெரும்பாடு. ஆகவே, விரல் நுனியில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, பழைய இழையின் நுனியோடு புதிய இழையின் நுனியைச் சேர்த்து முறுக்குகிறார்கள். இதுவே பாவு பிணைத்தல். எல்லாம் பிணைத்தபின் மெல்ல இழுத்தால், பழைய இழைகள் முன்னே செல்ல, அவை திறந்து வைத்த வழியிலேயே புதியவை பின்தொடர்ந்து வருகின்றன. இவ்வளவு பொறுமை எப்படி என்று பாட்டியிடம் கேட்டோம். நிமிராமலே சொன்னார்: “புதுசு தானா உள்ள போவாது, சாமி. பழசோட கையப் புடிச்சிக்கிட்டுத்தான் போவும்.”

சொற்களைக் கற்பிக்கும் கலை முழுவதும் அவ்வொரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது என்று இன்றும் கருதுகிறோம்.

எமக்கே நேர்ந்ததை யாம் மறந்ததுதான் விந்தை. தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்துக் குருமடம் புகுந்தபோது, மெய்யியல் பாடங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. ‘சப்ஸ்டன்ஸ்’ என்ற சொல்லை அகராதியில் தேடினோம், ‘பொருள்’ என்றிருந்தது. தமிழிலோ செல்வமும் பொருள், சொல்லின் கருத்தும் பொருள், கடையில் விற்பதும் பொருள். எப்பொருள் இது? மூன்று மாதம் மனப்பாடம் செய்து எழுதினோம். ஒரு நாள் முதிய பேராசிரியர் ஒருவர் மேசைமேல் ஓர் அப்பத்தை வைத்து, “நிறம், சுவை, வடிவம் எல்லாம் மாறாதிருக்க, இது இன்னதென்று ஆக்குவது எதுவோ அது” என்று தமிழில் சொன்னார். நற்கருணை பற்றிய திருச்சபையின் போதனை அன்றுதான் எமக்கு விளங்கியது. அகராதி ஒரு சொல்லுக்கு ஈடாக இன்னொரு சொல்லைத் தந்தது. அவரோ, யாம் சிறுவயது முதல் முழந்தாளிட்டு நோக்கிய ஒன்றோடு அச்சொல்லைப் பிணைத்துத் தந்தார்.

நம் திருச்சபையின் வரலாறும் இதற்குச் சான்று. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்ட அண்டிரிக் அடிகளாரும், 1606இல் மதுரை வந்த இராபர்ட் தெ நொபிலியும், 1732இல் சதுரகராதியை இயற்றிய வீரமாமுனிவரும் முதலில் இம்மண்ணின் மக்களிடம் மாணவராக அமர்ந்தவர்கள். பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு வகையாகச் சொற்களைத் தொகுத்த அந்த இத்தாலியர், தமிழர் தம் சொற்களை எவ்வாறு நினைவில் வைத்திருந்தனரோ அதனைக் கற்றே தொகுத்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், ‘ஞானஸ்நானம்’ திருமுழுக்கு ஆனதையும், ‘இஸ்பிரீத்து சாந்து’ தூய ஆவி ஆனதையும், ‘விபூதிப் புதன்’ சாம்பல் புதன் ஆனதையும் நம் மூத்தோர் அறிவர். எம் பாட்டியார் கடைசி வரை பழைய சொல்லாலேயே செபித்தார். “இரண்டும் ஒருவரே, ஆச்சி” என்று பொறுமையாகச் சொல்லித் தந்த பங்குத்தந்தையை அவர் இறுதிவரை வாழ்த்தினார். பழைய சொல்லை எள்ளி நகையாடிய இளைஞர்கள் முன் அவர் வாய்விட்டுச் செபிப்பதையே நிறுத்தியிருந்தார். அந்த இளைஞர்களுள் யாமும் ஒருவர்.

கல்வியில் காஞ்சிக்கு நெடிய புகழ் உண்டு. பல்லவர் காலத்துக் கடிகைக்கு நெடுந்தொலைவிலிருந்து மாணவர் வந்தனர். அவ்வாறு தம் குருவோடு வந்த மயூரசர்மன் என்பார், பல்லவக் குதிரை வீரனோடு நேர்ந்த பூசலில் அவமானமுற்று, ஏட்டை விட்டு வாளை ஏந்தியதாகக் கர்நாடகத்துத் தாளகுந்தாக் கல்வெட்டு கூறுகிறது. அவரால் எழுந்ததே கடம்பர் அரசு. அவமானப்பட்ட மாணவன் கல்வியை விட்டுப் போவது இவ்வூரில் புதிதன்று. எல்லோரும் அரசை நிறுவுவதில்லை. பெரும்பாலோர் ஓசையின்றி ஒரு மூலைக்குப் போய்விடுகின்றனர்.

நற்செய்தியாளர் மாற்கு தம் நூலில் ஒரு செயலைச் செய்கிறார். ஆண்டவர் பேசிய அரமேய மொழிச் சொற்கள் சிலவற்றை அப்படியே கிரேக்கத்தில் எழுதி வைக்கிறார். இறந்த சிறுமியின் கையைப் பிடித்து எழுப்பியபோது சொன்ன ‘தலித்தா கூம்’. காது கேளாதவரின் காதுகளில் விரலிட்டு, நாவைத் தொட்டுச் சொன்ன ‘எப்பத்தா’. சொல்லைத் தருகிறார், உடனே பொருளையும் தருகிறார். ஆனால் அதற்கு முன்பே ஒரு கை, ஒரு விரல், ஒரு மனிதரின் துயரம் ஆகியவற்றை நம் கண்முன் நிறுத்திவிடுகிறார். ஆகவேதான், அரமேயம் ஒரு சொல்லும் அறியாத நம் சிற்றூர்க் கிழவியரும் ‘எப்பத்தா’வை மறப்பதில்லை. அந்த மனிதரை ஆண்டவர் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் சென்றார் என்பதையும் மாற்கு குறிக்கிறார். கற்றுக்கொள்பவரின் குறையை ஊரறியக் காட்டாதிருப்பது கற்பிப்பவரின் முதற்கடமை என்று அதனை இப்போது வாசிக்கிறோம்.

அந்த நாளுக்குப் பின் எமது வகுப்பு மாறியது. 20 சொற்கள் 6 ஆகக் குறைந்தன. டாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராயிருந்த மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட பட்டியலில், ஆங்கிலம் கற்போர்க்கு முதலில் வேண்டியவை ஏறத்தாழ 2000 சொற்களே எனக் காட்டினார். இசபெல் பெக் முதலிய அமெரிக்கக் கல்வியாளர்கள் 2002இல் வெளியிட்ட நூலில், சொற்களை மூன்று படிகளாகப் பிரித்தனர்: பேச்சிலேயே வந்து சேரும் எளிய சொற்கள், எல்லாப் பாடங்களிலும் திரும்பத் திரும்ப வரும் பொதுச் சொற்கள், ஒரு துறைக்கே உரிய அருஞ்சொற்கள். ‘ஒப்பிடு’, ‘காரணம்’, ‘விளைவு’ என்பவற்றுக்குரிய ஆங்கிலச் சொற்கள் நடுப்படியைச் சேர்ந்தவை. ஆசிரியரின் உழைப்பு மிகுதியும் அங்கேதான் செல்ல வேண்டும் என்பது அவர்கள் கருத்து. யாமோ அருஞ்சொற்களைக் கொட்டிக்கொண்டிருந்தோம்.

இப்போது புதுச் சொல் ஒன்று வந்தால், பொருளை உடனே எழுதுவதில்லை. “உங்கள் வீட்டில் இதற்கு என்ன பெயர்?” என்று முதலில் கேட்கிறோம். பாவுக்கும் ஊடைக்கும் ஆங்கிலத்தில் ‘வார்ப்’, ‘வெஃப்ட்’ என்று சொன்ன நாளில், தெலுங்கு பேசும் சிறுமி ஒருத்தி “எங்க வீட்டுல படுகு, பேக” என்று மலர்ந்த முகத்தோடு சொன்னாள். மூன்று மொழிச் சொற்களும் ஒரே வரிசையில் பலகையில் ஏறின. அடுத்து, பொருளைக் கையில் கொடுக்கிறோம்; கொடுக்க இயலாதாயின் நடித்துக் காட்டுகிறோம். பிறகு ஒவ்வொருவரும் தம் வீட்டைப் பற்றியே ஒரு வாக்கியம் அமைக்க வேண்டும். மறுநாளும், ஒரு வாரத்திலும், ஒரு மாதத்திலும் அதே சொல்லை வேறு வாக்கியத்தில் மீண்டும் சந்திக்கிறோம். எபிங்ஹாஸ் என்ற செருமானிய அறிஞர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி மறந்துபோவதை 1885இல் வெளியிட்ட நூலில் காட்டினார். பிணைப்பில்லாத சொல்லும் பொருளற்ற அசைதான். அதனை ஐந்து முறை எழுதச் செய்தது எமது அறியாமை.

இம்முறையில் எல்லாம் கனிந்துவிட்டது என்று சொல்ல மாட்டோம். தேர்வு நெருங்கினால் பெற்றோர் பழைய பட்டியலையே கேட்கின்றனர். இன்னொரு கவலையும் உண்டு. அந்த வீட்டிலிருந்த இரண்டு தறிகளுள் ஒன்றைச் சென்ற ஆண்டு கழற்றிவிட்டார்கள். தந்தை இப்போது ஒரகடம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலைக்குக் காவல் வேலைக்குச் செல்கிறார். நாடா ஓடாத வீட்டில் ‘நாடா’ என்ற சொல் எத்தனை நாள் உயிர் வாழும்? அன்று யாம் ஆங்கிலத்துக்காகத் தமிழ்ச் சொல்லை எள்ளினோம். இன்று அந்தத் தமிழ்ச் சொல்லுக்காகவே அஞ்சுகிறோம். எனவே பிள்ளைகளின் குறிப்பேட்டில் இன்னொரு பத்தி சேர்த்திருக்கிறோம். பாட்டியும் தாத்தாவும் சொல்லும் தொழிற்சொற்களை அதில் எழுதி வர வேண்டும். பழைய இழை அறுந்துபோனால் புதியதைப் பிணைக்க ஏது நுனி?

பையன் வந்தானா என்று கேட்பீர்கள். மறுநாள் வரவில்லை. நான்காம் நாள் வந்து கடைசி வரிசையில் அமர்ந்தான். இன்று பதினோராம் வகுப்பு மாணவன். செவ்வாயும் வியாழனும் சிறியவர்களுக்குப் பாடம் சொல்ல எமக்குத் துணையாக வருகிறான். சென்ற மாதம், வட மாநிலத்திலிருந்து பிழைப்புக்கு வந்த குடும்பத்தின் சிறுமி ஒருத்தி புதிதாகச் சேர்ந்தாள். தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. இரண்டு வாரமாக வாய் திறக்கவில்லை. ஒரு மாலை, அவன் சட்டைப்பையிலிருந்து சிறிது பட்டு நூலை எடுத்து அவள் முன்னே நீட்டினான். “நூல்” என்றான். ஆங்கிலத்திலும் சொன்னான். பிறகு, “உங்க ஊர்ல?” என்று கையால் கேட்டான். நெடுநேரம் கழித்து, கேட்கும் கேட்காததுமான குரலில் அவள் சொன்னாள்: “தாகா.”

மற்றப் பிள்ளைகள் யாரோ தாகம் என்று எண்ணிச் சிரிக்கத் தொடங்கினர். அவன் திரும்பி ஒரு பார்வை பார்த்தான். அறை அமைதியாயிற்று. அவன் பலகைக்குச் சென்று, தான் எழுதியிருந்த இரண்டு சொற்களின் அருகே மூன்றாவதாக அதனையும் எழுதினான்.

இவ்வாண்டு சாம்பல் புதனன்று இறைமக்களின் நெற்றியில் சாம்பல் பூசும்போது, அந்தப் பாட்டியின் விரல்நுனி எம் நினைவுக்கு வந்தது. நாம் மண் என்பதை நினைவூட்டும் அதே சாம்பல்தான், அறுந்த நுனிகளைச் சேர்த்துப் பிணைக்கவும் உதவுகிறது. நம் நாவினால் அறுந்த இழைகள் எவையேனும் இருப்பின், இந்நாள்களில் அவற்றைத் தேடிச் சென்று பிணைக்க இறைவன் நமக்கு அருள் புரிவாராக.